மறந்து வைத்த கத்திரிக்கோல்

வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியின் மேல், ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. எப்போதோ காபித்தூள் வந்த பாட்டில். லேபிளை ஊறவைத்துச் சுரண்டிய இடத்தில் பசையின் பிசுக்கு இன்னும் விரலில் தட்டுப்படும். கழுத்துக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் வெள்ளையாக ஒரு கோடு. எங்கள் டெல்லி துவாரகாவின் தண்ணீர் எதில் நின்றாலும் இப்படி ஓர் உப்புக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் போகும். வினிகர் விட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார்கள். தேய்க்கத் தெம்பில்லை என்று சொல்லிக்கொண்டே இந்தக் குளிர்காலம் முழுக்க அதைக் கடந்து போனேன். காலையில் ஜனக்புரிக்கு மெட்ரோ பிடிக்க ஓடும்போதும், மாலையில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதும் அது கண்ணில் படும். குளிரில் அந்த பாட்டில் காலியாக இருப்பது வழக்கம்தான். ஆனால் பிப்ரவரி முடிந்து, ஸ்வெட்டர்களை உள்ளே வைத்து, பால்கனியில் வெயில் விழத் தொடங்கிய பிறகும் அது காலியாகவே இருந்தது இந்த வருடம்தான்.

அது என் மதினியின் பாட்டில். கணவரின் அக்காவை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் மதினி என்றுதான் கூப்பிடுவோம். நாத்தனார் என்று சொன்னால் என்னவோ சண்டைக்குச் சேலையை இழுத்துச் செருகுவது போல இருக்கும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதிலேயே சுருக்கெழுத்து தேறி, டெல்லிக்கு வந்து, ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலேயே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். தம்பி வீட்டைத் தவிர அவருக்குப் போக வேறு இடம் இல்லை. எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி வாசலில் வந்து நின்ற டெம்போவில் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் இருந்தன. மீதி எல்லாம் தொட்டிகள். லிஃப்டில் அவற்றை ஏற்றவே மத்தியானம் வரை ஆயிற்று. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, நர்சரி திறக்கப் போகிறீர்களா என்று கேட்டான். எனக்கு அன்றைக்கே அலுப்பாகிவிட்டது.

அரேகா பனை, ரப்பர் செடி, பாம்புச் செடி, இலையில் ஓட்டை ஓட்டையாக விழும் மான்ஸ்டெரா, பிறகு மணி பிளான்ட். எல்லாம் மழை ஓயாத காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் பிறந்த ஜாதி. டெல்லியோ மே மாதத்தில் வறுத்தெடுத்து ஜனவரியில் விறைக்க வைக்கிற ஊர். அவற்றை இங்கே வைத்துக்கொள்வது கைக்குழந்தையை வைத்துக்கொள்வதற்குக் கொஞ்சமும் குறையாத வேலை. புழுதிக்காற்று அடித்தால் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு வரும் புகைமூட்டத்தில் துணி கருப்பாகிவிடும். கூலர் காற்று நேரே படக்கூடாது, ஹீட்டர் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் கண்ணாடியை இலை தொடக்கூடாது. குளிர் வந்தால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. வாளியில் பிடித்து, அதன் சில்லிப்பு போன பிறகுதான். அதுவும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும். மதினி இதையெல்லாம் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்துபோவேன்.

அத்தனை தொட்டிகளிலும் மதினியின் உயிர் மணி பிளான்டில்தான் இருந்தது. டெல்லிக்கு வந்த புதிதில் திருடிக்கொண்டு வந்தது அது. திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் வளரும், அப்போதுதான் வீட்டில் காசு தங்கும் என்பது இந்த ஊரில் படித்தவர், படிக்காதவர், பஞ்சாபி, பெங்காலி, தமிழர் என்று எல்லோரும் ஒரு மனதாக நம்புகிற விஷயம். வேறு எதிலும் இவர்களுக்குள் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. யார் வீட்டில் திருடியது என்பதை வெளியே சொல்லவும் கூடாதாம். சொன்னால் வேர் பிடிக்காது. அதனால் மதினியிடம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை வரும். ஒரு நாள், ஜாயின்ட் செகரட்டரி டீ குடிக்கப் போன நேரம் அவர் அறை ஜன்னலில் வெட்டியது என்பார். இன்னொரு நாள், மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் யாரோ ஒரு கர்னல் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் தொங்கியது என்பார். பல் டாக்டரின் வரவேற்பறை என்று ஒரு கதையும் உண்டு. கேட்கிறவர் எதை நம்புவார் என்று பார்த்து எடுத்து விடுவார். ஸ்டெனோவாக இருந்து அடுத்தவர் சொன்னதையே வாழ்நாள் முழுக்க எழுதியவருக்கு, சொந்தமாகக் கதை சொல்லக் கிடைத்த ஒரே இடம் அதுதான் என்று என் கணவர் கேலி செய்வார்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவள். தொட்டிச் செடியால் காசு வரும் என்று நம்பினால் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும். ஆனால் மதினி இந்த நம்பிக்கையை நடத்திய விதத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. எதிர் ஃபிளாட்டில் ஒரு பஞ்சாபிப் பெண்மணி இருக்கிறாள். என் வயதுதான். மாடியில் எல்லோருக்கும் அவள் பாபிஜி, நம் ஊர் அண்ணி மாதிரி. மதினி வந்த புதிதில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தவள், ஜன்னலோரம் தளதளவென்று வழிந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் முடியாது, கேட்டு வாங்கினால் பலிக்காது. எடுக்கவும் முடியாது, வீட்டுக்காரி எதிரிலேயே இருக்கிறாள். மதினி அவள் முகத்தைப் பார்த்தார். செடியைக் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் திருப்பி, கையிலிருந்த நீளக் கத்திரிக்கோலை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆப் பைட்டோ. மை காபி லாத்தி ஹூன்," என்றார், உட்காருங்கள், காபி கொண்டுவருகிறேன் என்று. ஹிந்தியிலும் திருநெல்வேலி ராகம் போகாது அவருக்கு. என்னையும் கண்ணைக் காட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். அடுக்களையில் ஒரு வேலையும் இல்லை. டிகாக்‌ஷன் தயாராக இருந்தது. இவர் மூடியைத் திறந்து மூடுகிறார், கரண்டியை உருட்டுகிறார், குழாயைத் திறக்கிறார். நான் எட்டிப் பார்க்கப் போனதற்குக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, பாக்காத. பாத்தா அவ பயந்து எலையோட நுனியை மட்டும் கிள்ளிட்டுப் போயிருவா. கணு பாத்து வெட்ட நேரம் வேணும்லா."

காபியோடு நாங்கள் வெளியே வந்தபோது பாபிஜி முன்பைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவின் ஒரு பக்கம் உப்பியிருந்தது. மதினி அந்தப் பக்கமே பார்க்காமல் வெங்காய விலையைப் பற்றிப் பேசினார். அவள் போன பிறகு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்து, "நல்லாத்தான் வெட்டியிருக்கா," என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்த நிறைவை நான் பிறகு வேறு எதற்கும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கத்திரிக்கோல் ஜன்னல் திண்டில் மறந்து வைக்கப்பட்டிருக்கும். சொசைட்டியில் பாதிப் பேர் எங்கள் வீட்டுத் திருடர்கள். ஆர்.கே.புரத்துப் பழைய தோழிகள் பஸ் ஏறி வந்து திருடிக்கொண்டு போனார்கள். எல்லோரும் மதினிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள், அல்லது அப்படி நினைப்பதாகக் காட்டிக்கொண்டார்கள்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது கொடியை வெட்டுவதில்தான். எனக்கு அது நீளமாக ஓடுவது பிடிக்கும். ஆணி அடித்து, நூல் கட்டி, ஜன்னலைச் சுற்றி, கடிகாரத்துக்கு மேலே வரை கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. ஊரிலிருந்து யாராவது வந்தால் ஆச்சரியப்படுவார்கள். வெளியே குளிர் அடங்கி, புது இலை மெழுகு பூசினாற்போல் சுருள் பிரிய ஆரம்பிக்கும் சமயத்தில், மதினி வந்து அத்தனையையும் பாதியாக நறுக்கிவிடுவார். எனக்கு வயிறு எரியும். ஒரு தடவை சொல்லியும் விட்டேன்.

"நுனியைப் பாத்து மயங்குத நீ," என்றார் மதினி. "நடுவுல தொட்டுப் பாரு. எம்புட்டு நீளம் மொட்டையா கெடக்கு. வேர் இங்க குடிக்குத தண்ணி அம்புட்டு தூரம் நடந்து போயி நாலு எலைக்குச் சோறு போடுது. அதுக்கும் ஓய்ச்சலா இருக்கும்லா."

தொட்டுப் பார்த்தேன். இலை விழுந்து விழுந்து வெறும் கயிறாகத்தான் இருந்தது. அவர் வெட்டின துண்டுகளைக் கணுக் கணுவாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலையும், அந்த இலைக்கு எதிரே புடைத்திருக்கும் பழுப்பு வேர்முனையும் இருக்கும்படி பார்த்து, அந்த பாட்டில் தண்ணீரில் நிறுத்துவார். வேர் விட்டதும் அதே தொட்டியில், மொட்டையாக நின்ற தாய்க்கொடியின் காலடியிலேயே ஊன்றிவிடுவார். ஜூலை மழைக்குள் தொட்டி நிரம்பிப் புதராகிவிடும். அப்படி நான் காலையும் மாலையும் மெட்ரோவில் தொங்கி, வீட்டுக்கு வந்து சமைத்து, மறுபடி தொங்கப் போன வருடங்களில், எனக்கும் நடுவில் கொஞ்சம் மொட்டை விழுந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

பிறகு அவருக்குக் கை நடுக்கம் வந்தது. முதலில் காபி தம்ளர் சாசரில் தட்டும் சத்தம், பிறகு கையெழுத்து, பிறகு கத்திரிக்கோல். டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போயிற்று. மற்றத் தொட்டிகளை நாங்கள் ஒவ்வொன்றாகக் குறைத்தோம். அரேகா கீழே லிஃப்ட் பக்கம் போயிற்று. ரப்பர் செடியைச் சொசைட்டிப் பூங்காவின் மூலையில் நட்டார்கள். மான்ஸ்டெராவை என் வங்கியில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மதினி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மணி பிளான்டை மட்டும் யாரும் கேட்கவில்லை, அதைத்தான் கேட்கக்கூடாதே. அது நின்றது. அதற்கும் அவருக்கும் கை நானாகிப் போனேன்.

மாலையில் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாதம் ஊட்டிவிட்டு நிமிர்ந்தால், இலை துடைக்க வேண்டும் என்பார். பிப்ரவரி முடிவில் வெட்ட வேண்டும் என்பார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அங்க இல்ல. கீழ. அதுக்கும் கீழ. கணுவுக்கு ஒரு விரக்கடை விட்டு வெட்டு," என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குரலும் நடுங்கத் தொடங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் வந்து சேர நேரமாகும். காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் என்னைக் கொன்றது. வேலை செய்வதில் எனக்குக் கஷ்டமில்லை. ஒரு சொல் முடியும் வரை கத்திரிக்கோலோடு நிற்பது இருக்கிறதே, அந்த நேரத்தில் என் உடம்பில் அதுவரைக்கும் சேர்ந்த களைப்பெல்லாம் வந்து முழங்காலில் இறங்கும். ஒரு நாள் வங்கியில் ஆண்டு முடிவுக் கணக்கு. தலை வெடிக்கிற மாதிரி வந்து சேர்ந்திருந்தேன். மதினி கொடியைக் காட்டினார்.

"மதினி, என்னால முடியல. ஒரு நாள் இல்ல ஒரு நாள் இதைத் தொட்டியோட தூக்கிப் போடத்தான் போறேன்," என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வெகுநேரம் வாயைக் கூட்டிச் சொல்லைத் தேடினார். "தூக்கிப் போடு. யாரு வேண்டாங்கா," என்றார். "போடுததுக்கு முன்ன ஒரு கணுவைக் கிள்ளி, அந்த பாட்டில்ல போட்டுரு. பெறவு போடு."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. அவர் யாரிடமும் எதுவும் கேட்கிறவர் இல்லை. பென்ஷன் இருந்தது, கட்டில் இருந்தது, இருக்கிற வீடு மட்டும் எப்போதும் அடுத்தவருடையதாக இருந்தது. முதலில் சர்க்காருடையது, பிறகு தம்பியுடையது. என்னிடம் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். சரி என்று சொன்னேன்.

இந்த ஜனவரியில், வெளியே எதிர்க் கட்டடம்கூடத் தெரியாமல் மூடுபனி இறங்கியிருந்த வாரத்தில், நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாங்கள் தண்ணீர்தான் கொடுத்தோம். இங்கே அதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் மதினியின் திருடர்கள். குளிரில் யாருக்குத் தாகம் எடுக்கும்? இரண்டு மடக்குக் குடிப்பார்கள். மீதி கையில் இருக்கும். ஜன்னலோரம் அந்தக் கொடி நிற்கும். அதைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் கண் கலங்கும். எழுந்துபோய் மீதித் தண்ணீரை அதன் காலடியில் ஊற்றி, இலையை ஒரு தடவை தொட்டுவிட்டு வருவார்கள். யாரோ ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர். ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. ஜனவரியில் அந்தத் தொட்டிக்கு ஒரு தம்ளர் தண்ணீரே வெகு நாளைக்குப் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றுகிறவரின் கையை எப்படிப் பிடிப்பது? மதினியாக இருந்தாலும் பேசாமல்தான் இருந்திருப்பார்.

பதினாறு முடிந்ததும் அஸ்தியைத் தாமிரபரணியில் கரைக்க ஊருக்குப் போனோம். சாவியைப் பாபிஜியிடம் கொடுத்தோம். பேப்பர் எடுத்து உள்ளே போட, ராத்திரி ஒரு விளக்குப் போட. திரும்பி வந்து கதவைத் திறந்தபோதே குளத்துச் சேற்று நாற்றம் அடித்தது. கொடி அடியிலிருந்து கருத்து, தொட்ட இடம் வழுவழுவென்று கையோடு வந்தது. ஒரு நல்ல கணுவாவது கிடைக்குமா என்று நுனி வரை தேடினேன். அழுகல் நுனி வரை ஏறியிருந்தது. பாபிஜி வாசலில் நின்றாள். தினமும் தண்ணீர் விட்டேன், தீதியின், அக்காவின் செடியாயிற்றே என்றாள். இலை மஞ்சளாக மஞ்சளாக, தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கோயி பாத் நஹீன்," என்றேன். பரவாயில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் ரயிலில் இரண்டு இரவு உட்கார்ந்து வந்த உடம்போடு நான் சொன்னது அப்படிக் கேட்டிருக்காது. அவள் சாவியை அலமாரிமேல், அந்த காலி பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அவள் வீட்டுக் கதவு கொஞ்சம் தாமதித்துத் திறக்கும். நானும் தட்டவில்லை. கோபம் எல்லாம் ஒன்றுமில்லை. தட்டினால் பேச வேண்டும், பேச எனக்குத் தெம்பில்லை.

தொட்டியைக் கீழே கொட்டிவிட்டு வந்த அன்று எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. இனி இந்த வீட்டில் யாருக்கும் நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை, யாருடைய சொல்லுக்கும் காத்து நிற்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு சாயங்காலமே படுத்துத் தூங்கினேன். அந்த நிம்மதி சில வாரங்கள் நன்றாகவே இருந்தது. பிறகு வெயில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏன் எழுந்தேன் என்று தெரியாமல் எழுந்து, மதினியின் நீளக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் நின்றேன். அங்கே தொட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டக் கறை. வெட்டுகிற காலம் வந்துவிட்டது என்பதைக் கை நினைவு வைத்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை, ஆற்றங்கரையில் வரவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கணு. அதுகூட இந்த வீட்டில் இல்லை.

"அதுக்கு ஏன் அழுத? சொசைட்டி பூரா அக்கா கொடிதான கெடக்கு. எதுத்த வீட்ல போயி ஒண்ணு கேளு, தரமாட்டாங்களா," என்றார் என் கணவர்.

தருவார்கள். கேட்டால் தொட்டியோடு தருவார்கள். எனக்குக் கேட்க வரவில்லை. நர்சரியில் வாங்கலாம், ரோட்டோரத்தில் தள்ளுவண்டியில்கூட விற்கிறான். மணி பிளான்டால் காசு வரும் என்று நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் மதினி ஒரு நாளும் அதைக் கையில் எடுத்துக் கொடுத்ததும் இல்லை, கேட்டு வாங்கினதும் இல்லை. கேட்டு வாங்கிவந்தால் அது ஒரு செடியாக இருக்கும், அவ்வளவுதான். இதைக் கணவரிடம் சொன்னால் வங்கி அதிகாரி பேசுகிற பேச்சா என்பார். சொல்லவில்லை.

பாபிஜியின் எவர்சில்வர் டப்பா ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. துக்க நாட்களில் அவள் கிச்சடி கொண்டுவந்த டப்பா. காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் மாடியில் எழுதாத சட்டம். எதையாவது செய்து நிரப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற அலுப்பிலேயே அது வாரக்கணக்கில் அடுக்களையில் நின்றது. ஹோலிக்கு முந்தைய ஞாயிறு எலுமிச்சைச் சாதம் கிளறினேன். மதினி செய்தால் அவள் விரும்பிச் சாப்பிடுவாள். டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன்.

அவள்தான் திறந்தாள். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஆவோ, பைட்டோ," என்று உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். ஊருக்குப் போகும் முன்பு பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம், சொசைட்டித் தண்ணீர் பற்றிக் கொஞ்சம். இரண்டு பேரும் செடியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அது எதிரிலேயே இருந்தது. மதினியிடம் திருடியது. அவள் அதை ஒரு நாளும் வெட்டியதில்லை. திரைச்சீலைக் கம்பியில் ஏறி, அறையைச் சுற்றி, டிவிக்கு மேலே வந்து தொங்கியது. நடுவில் முழுக்க வெறும் கயிறு, நுனியில் நாலு இலை. எனக்கு ஒரு காலத்தில் ஆசையாக இருந்தது இதுதான். இப்போது பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டு வந்தாள். கையில் இருந்ததைச் செடித்தொட்டி இருந்த முக்காலியில், பழைய பேப்பர்மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "தும் பைட்டோ. மை சாய் லாத்தி ஹூன்," என்று சொல்லி அடுக்களைக்குப் போனாள். போகும்போது அடுக்களைக் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டாள்.

முக்காலியில் ஒரு கத்திரிக்கோல். பால் பாக்கெட் வெட்டுகிற கத்திரிக்கோல். நுனியில் பால் காய்ந்திருந்தது. டீ போடப் போகிறவளுக்கு அது உள்ளேதான் வேண்டும்.

எழுந்து போனேன். கத்திரிக்கோலின் நுனியைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே லைட்டர் தட்டும் சத்தம், தட்டு விழும் சத்தம். நல்ல கணுவாகப் பார்த்து, ஒரு விரற்கடை விட்டு வெட்டி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அதோடு வந்து உட்கார்ந்திருக்கலாம். உட்கார முடியவில்லை. அந்த மொட்டைக் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு எப்படி உட்காருவது? கம்பியிலிருந்து மெல்ல இறக்கி, பாதியாக வெட்டி, இலை உள்ள துண்டுகளைக் கணுக் கணுவாக நறுக்கி, அதே தொட்டியில் தாய்க்கொடியைச் சுற்றி மண்ணில் ஊன்றினேன். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அவள் இப்போது தண்ணீர் விடவே பயப்படுகிறாள். மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்து, அளவாக விட்டேன். இடையில் உள்ளேயிருந்து, இஞ்சி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்று குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சர்க்கரையைக் காணவில்லை என்று. நான் கை கழுவி வந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தடவை இருமினேன்.

டீ வந்தது. கொதித்துக் கொதித்துக் கஷாயமாகியிருந்தது. செடி இருந்த பக்கம் அவள் பார்வை போகவே இல்லை, அறை முன்பைவிட வெளிச்சமாகியிருந்தும். இந்த வருடம் வெங்காயம் என்ன விலை விற்கிறது பார்த்தாயா என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு பேர் கண்ணும் நிறைந்திருந்தது. கடைசிச் சொட்டு வரை அந்தக் கஷாயத்தைக் குடித்தேன். கிளம்பும்போது அவள் என் தோளைத் தொட்டு, நாளைக்கும் வா என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை எடுத்து வினிகர் விட்டுத் தேய்த்தேன். உப்புக் கோடு முழுக்கப் போகவில்லை. அதன் அளவுக்கே தண்ணீர் ஊற்றி, இலை மேலேயும் கணு உள்ளேயும் இருக்கும்படி தண்டை நிறுத்தி, செருப்பு அலமாரியின் மேல் வைத்தேன். உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. நாளையிலிருந்து தண்ணீர் மாற்ற வேண்டும், இலை துடைக்க வேண்டும், மறுபடி எல்லாம் ஆரம்பம்.

சாயங்காலம் நடந்துவிட்டு வந்த என் கணவர் செருப்பைக் கழற்றினவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து பாட்டிலையே பார்த்தார். "இது எங்க உள்ளது?" என்றார்.

"எங்க பேங்க் மேனேஜர் ரூம்ல," என்றேன். "அவர் டீ குடிக்கப் போயிருந்தாரு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைலா," என்றார்.

"அப்படின்னா பல் டாக்டர் வீட்ல," என்றேன்.